உறிஞ்சலும் அழுத்தமும் ஒரே ஹோஸில்

ஒரு காருக்குள் வேறொரு காரின் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) பொருத்திய என்ஜினை இறக்குவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மவுண்ட், கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், வயரிங் ஆகியவற்றையே சுற்றி வருகிறது. என்ஜினின் உறிஞ்சலையும் அழுத்தத்தையும் மற்றக் கருவிகளுக்குக் கொண்டுபோகும், சுண்டுவிரலைவிட மெல்லிய வேக்குவம் ஹோஸ்களைப் பற்றிய நினைவு, என்ஜின் உட்கார்ந்து, ரேடியேட்டரும் மாட்டியாகி, இனிச் சாவியைத் திருப்ப வேண்டியதுதான் என்ற அவசரம் பிறந்த பிறகுதான் வருகிறது. அந்த அவசரத்தில் கைக்குக் கிடைத்த குழாயை எட்டிய நிப்பிளில் (ஹோஸ் மாட்டும் சிறு குழாய் முனை) செருகிவிட்டு வண்டியை வெளியே எடுக்கிறார்கள். இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான எண்ணம். என்ஜின் இன்னும் தரையில் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போதே ஒவ்வொரு ஹோஸும் எங்கே தொடங்கி, எந்த வழியாகப் போய், எதில் முடிய வேண்டும் என்று தாளில் வரைந்து முடித்திருக்க வேண்டும். உள்ளே இறங்கிய பிறகு ஃபயர்வாலுக்கும் (என்ஜின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலான தகடு) மேனிஃபோல்டுக்கும் நடுவே கை நுழையாது என்பது ஒரு காரணம். ஹோஸின் பாதையைத் தீர்மானிப்பதே அந்த என்ஜின் எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பாதியைத் தீர்மானிக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினில் இந்த வேலை எளிது. ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவான த்ராட்டிலுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு எப்போதும் உறிஞ்சும். அதிகபட்சம் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தொடும், அதைத் தாண்டாது. சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தத்தை 101 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாத ஓட்டத்தில்) நல்ல நிலையில் உள்ள என்ஜினின் மேனிஃபோல்டுக்குள் சுமார் 35 கிலோபாஸ்கல் இருக்கும். வேக்குவம் மீட்டர் 18 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டும். டர்போ என்ஜினில் அதே மேனிஃபோல்டு, ஆக்சிலரேட்டரை அழுத்திய சில நொடிகளில் 200 கிலோபாஸ்கலுக்குப் போய்விடுகிறது. அதாவது, சற்று முன்பு வரை உள்ளே ஒட்டிச் சுருங்கப் பார்த்த அதே ஹோஸ் இப்போது உப்பி, நிப்பிளிலிருந்து கழன்று ஓடப் பார்க்கிறது. இந்த இரண்டு குணங்களையும் ஒரே குழாய் தாங்க வேண்டும் என்பதிலிருந்துதான் மற்ற எல்லா விதிகளும் பிறக்கின்றன.

வியாசர்பாடியில் ஒரு நண்பரின் ஷெட்டில் நாங்கள் செய்த வேலையை வைத்து இதைச் சொல்கிறேன். வண்டி பழைய மிட்சுபிஷி லான்சர். 1998 முதல் திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த கார். ஜப்பானில் இதே தலைமுறை உடலோடுதான் எவல்யூஷன் 4, 5, 6 என்ற டர்போ மாடல்கள் வந்தன என்பதால், அவற்றின் 1997 சிசி 4ஜி63 டர்போ என்ஜினை இந்த வண்டிக்குள் வைக்க வேண்டும் என்ற ஆசை லான்சர் வைத்திருப்பவர்களிடம் நெடுங்காலமாக உண்டு. நண்பரின் வண்டி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு மட்டுமே, அதுவும் டிரெய்லரில் ஏறிப் போய்வருவதற்கு. சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முதலில் படித்துவிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி பற்றித் தெளிவாக அறிந்துகொண்ட பின்னரே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இத்தகைய என்ஜின் வரும்போது ஹோஸ்களோடு முழுமையாக வருவதில்லை. கழற்றியவர் நேரத்தை மிச்சப்படுத்தக் கத்தியால் வெட்டியிருப்பார். நிப்பிள்களில் அரை அங்குல ரப்பர்த் துண்டுகள் மட்டும் தொங்கும். பல ஜப்பானியக் கார்களில் பானட்டின் அடிப்பக்கத்தில் வேக்குவம் வரைபடம் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். அந்த பானட் எங்கோ கிடக்க, நம் வண்டியின் பானட்டிலோ பழைய என்ஜினுக்கான விவரம் இருக்கும். அதை நம்பினால் வழி தவறும். எனவே மிஞ்சிய துண்டுகளைப் பிடுங்கி எறிவதற்கு முன் ஒவ்வொரு நிப்பிளுக்கும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டி, நான்கு பக்கமும் படம் எடுத்து, அந்த நிப்பிள் த்ராட்டில் தட்டுக்கு முன்னால் திறக்கிறதா, பின்னால் திறக்கிறதா என்று மெல்லிய கம்பியை விட்டோ வாயால் ஊதியோ பார்த்துக் குறித்துக்கொண்டோம். இந்தக் கடைசிக் குறிப்பு மிக முக்கியமானது. த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள துளைக்கு ஐட்லிங்கில் உறிஞ்சலே கிடையாது. பின்னால் உள்ளதற்கு முழு உறிஞ்சலும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவுப் பித்தளை முனைகள்தாம்.

வெட்டி எறியப்படும் பழைய ஹோஸுக்குள்ளும் பொருள் இருக்கலாம். டர்போவின் கம்ப்ரஸர் முனையிலிருந்து வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் கதவு) ஆக்சுவேட்டருக்குப் போகும் வழியில், ரப்பருக்குள்ளேயே ஊசித் துளை கொண்ட சிறு பித்தளைத் துண்டு ஒன்றைச் சில தயாரிப்பாளர்கள் வைத்திருப்பார்கள், மிட்சுபிஷியும் வைத்தது. ஆக்சுவேட்டருக்கு எவ்வளவு அழுத்தம் எட்ட வேண்டும், சோலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) வழியாக எவ்வளவு கசிந்து திரும்ப வேண்டும் என்ற கணக்கு அந்தத் துளையில்தான் அடங்கியிருக்கிறது. பளபளக்கும் நீல சிலிக்கான் ஹோஸை வாங்கி மாட்டிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டால், தொழிற்சாலை வகுத்த பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) அளவும் அதோடு குப்பைக்குப் போய்விடும். ஆகவே கழற்றும் ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும்; நடுவில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வடசென்னையில் இந்த வேலைக்கு ஒரு சாதகம் இருக்கிறது. மணலியிலும் மாதவரத்திலும் திருவொற்றியூரிலும் துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளின் ஏர் பிரேக்கைப் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் ஏராளம். குழாயை வளைப்பது, உரசாமல் கட்டுவது, எந்த இணைப்பு எந்த வால்வுக்குப் போகிறது என்பதை மனத்தில் வைத்திருப்பது ஆகியவற்றில் அவர்களுக்கு நிகர் இல்லை. எங்களுக்கு உதவிய பெரியவரும் அப்படிப்பட்டவரே. ஆனால் ஏர் பிரேக்கின் ஏழெட்டு பார் அழுத்தம் கசிந்தால் சீறும். என்ஜினை நிறுத்திவிட்டுக் காதை வைத்தாலே இடம் தெரிந்துவிடும். வேக்குவம் கசிவு காற்றை உள்ளே இழுக்கிறது. என்ஜின் ஓடும் சத்தத்தில் அது மறைந்துபோகிறது. என்ஜினை நிறுத்தினால் உறிஞ்சலும் நின்றுவிடுகிறது. முதல் நாள் அவர் வழக்கப்படி காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, ஒண்ணும் பேசவே மாட்டேங்குதே” என்றார். அதன் பிறகு சோதனை முறையை முழுக்க அழுத்தத்தின் பக்கம் மாற்றிக்கொண்டோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையின் மையம், எந்தக் கருவிக்கு எங்கிருந்து இணைப்புக் கொடுப்பது என்பதில் இருக்கிறது. ஷெட்டில் இருந்த இளைஞர், “அண்ணா, எல்லாத்தையும் ஒரே டீ-யில சேத்து உட்டுடலாமா?” என்று கேட்டார். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய், அதில் ஒரு டீ (மூன்று வாய் கொண்ட இணைப்பு), அதிலிருந்து இன்னொரு டீ என்று கிளைகள் பெருகும். இதில் உள்ள குறை, கருவிகள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல என்பதை மறந்துவிடுவது. அழுத்தத்தை அளக்கும் சென்சாரும் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டரும் காற்றை எடுப்பதே இல்லை. செய்தியை மட்டும் கேட்கின்றன. பிரேக் பெடலுக்கு வேக்குவத்தால் உதவும் பிரேக் பூஸ்டரும், என்ஜினின் அடிப்பாகத்துப் புகையை வெளியேற்றும் பி.சி.வி. வால்வும் நிறையக் காற்றை நகர்த்துகின்றன. பூஸ்ட் சோலினாய்டோ நொடிக்குப் பல முறை திறந்து மூடித் துடித்துக்கொண்டே இருக்கிறது. துடிக்கும் ஒன்றையும் உன்னிப்பாகக் கேட்கும் ஒன்றையும் ஒரே கிளையில் வைத்தால், கேட்பதற்குத் தவறான செய்தி போகும். பூஸ்ட் மீட்டரையும், த்ராட்டில் மூடும்போது மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் பைபாஸ் வால்வையும் ஒரு சிறு அலுமினிய வேக்குவம் பிளாக்கில் சேர்க்கலாம். ரெகுலேட்டருக்குத் தனி நிப்பிள், அழுத்த சென்சாருக்குத் தனி நிப்பிள், பிரேக்குக்குத் தனிப் பெரிய நிப்பிள் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேனிஃபோல்டில் இடம் இல்லையென்றால் துளை போட்டு மரை வெட்டிப் புதிய நிப்பிள் வைப்பது நல்லது. அதை மேனிஃபோல்டு என்ஜினிலிருந்து கழன்று மேசையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். மாட்டிய பின் துளைத்தால் அலுமினியத் துகள் சிலிண்டருக்குள் போய்ச் சேரும்.

ரெகுலேட்டர் ஹோஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஒரு பக்கம் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) உள்ள பெட்ரோல், மறுபக்கம் மேனிஃபோல்டில் உள்ள காற்று. இரண்டுக்கும் இடையே எப்போதும் 3 பார் வித்தியாசம் இருந்தால்தான், கம்ப்யூட்டர் கணக்கிட்ட நேரத்துக்குக் கணக்கிட்ட அளவு பெட்ரோல் விழும். அதனால் ஐட்லிங்கில் ரெயில் அழுத்தம் சுமார் 2.3 பாராக இறங்கவும், 1 பார் பூஸ்டில் (மேனிஃபோல்டில் சுமார் 200 கிலோபாஸ்கல்) 4 பாராக ஏறவும் வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தை ரெகுலேட்டருக்குச் சொல்வது அந்த ஒற்றை 4 மில்லிமீட்டர் ஹோஸ்தான். பூஸ்ட் ஏறும் நேரத்தில் அது கழன்றால் ரெயில் 3 பாரிலேயே நின்றுவிடும். இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 2 பார் மட்டுமே. பாய்ச்சல் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைகிறது. முழு பூஸ்டில் இவ்வளவு குறைந்தால் என்ஜின் நாக் அடிக்கும், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும். நீடித்தால் பிஸ்டன் உருகும். சில ரூபாய் மதிப்புள்ள கிளிப் இல்லாததால் பிஸ்டன் போவது எனக்குப் பொறுக்க முடியாத இழப்பாகத் தோன்றுகிறது. 4ஜி63இல் இந்த ஹோஸ் நேராகப் போகாமல், சூடான என்ஜினை மீண்டும் கிளப்பும்போது உதவும் ஒரு சோலினாய்டு வழியாகப் போகும். தடத்துக்கான வண்டியில் அதை நீக்கி நேரடியாக இணைத்தோம். கசியக்கூடிய இணைப்புகள் அந்த அளவுக்குக் குறைந்தன.

வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கான குழாயைக் கம்ப்ரஸரின் வெளிமுனையிலிருந்து எடுப்பதே சரி. அங்கே உறிஞ்சல் வராது என்பதால் டயாஃப்ரத்துக்கு (அழுத்தத்துக்கு ஏற்ப அசையும் உள் சவ்வு) ஒரே திசை வேலைதான். குழாயும் மிகக் குட்டையாக இருக்கும். இது கழன்றால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது. டர்போ தன் போக்கில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். இந்த என்ஜினில் டர்போ ரேடியேட்டர் பக்கம் இருப்பதால், அக்குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது. கண்ணாடி இழை உறை போட்டு, எக்ஸாஸ்ட்டைத் தொடாத வழியில் தாங்கி வைத்துக் கட்ட வேண்டும்.

பிரேக் பூஸ்டர் உயிர் சம்பந்தப்பட்டது. 230 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயாஃப்ரத்தின் இரு பக்கத்துக்கும் இடையே ஐட்லிங் வேக்குவம் முழுவதும் கிடைத்தால் சுமார் 270 கிலோ எடைக்கு நிகரான தள்ளல் உண்டாகிறது. நம் கால் அந்த உதவியை நம்பித்தான் பெடலை மிதிக்கிறது. இந்தக் குழாயில் ஒருவழி வால்வு இருக்க வேண்டும். அதன் திசை மேனிஃபோல்டை நோக்கி மட்டும் காற்று போகும்படி அமைய வேண்டும். வால்வு இல்லையென்றால் பூஸ்டின்போது அழுத்தம் பூஸ்டருக்குள் புகுந்து, நேர்ப்பாதையின் முடிவில், சரியாக பிரேக் தேவைப்படும் கணத்தில், பெடல் கல்லாக இறுகிவிடும். மாட்டும் முன் வாயால் ஊதித் திசையைச் சோதிப்பது ஒரு நிமிட வேலை. இங்கே மெல்லிய சிலிக்கான் குழாயைப் போடவே கூடாது. உறிஞ்சலில் அது ஒட்டிக்கொள்ளும். உள்ளே நூல் பின்னிய, பிரேக் வேக்குவத்துக்கென்றே செய்த ரப்பர் ஹோஸ்தான் வேண்டும். மாட்டிய பின் என்ஜினை நிறுத்தி, பெடல் இறுகும் வரை பல முறை மிதித்து, மிதித்த காலை எடுக்காமல் என்ஜினைக் கிளப்பினால், பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காத வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

பி.சி.வி. வழியைப் பலர் அலட்சியமாகக் கையாளுகிறார்கள். ஐட்லிங்கில் கிராங்க் கேஸின் (ஆயில் தங்கும் என்ஜினின் அடிப்பாகம்) புகையை மேனிஃபோல்டு இந்த வால்வின் வழியே உறிஞ்சுகிறது. பூஸ்டில் வால்வு மூடிக்கொள்ள, புகை இன்னொரு குழாய் வழியாக டர்போவின் வாய்க்குப் போகிறது. வால்வு பழுதாகி மூடாமல் போனால் பூஸ்ட் நேரே கிராங்க் கேஸுக்குள் இறங்கி, ஆயில் சீல்களைத் தள்ளும், டிப்ஸ்டிக் எகிறும். இரண்டாவது குழாயைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் சின்ன ஃபில்டர் ஒன்றைக் குத்திவைக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள என்ஜினில், அளக்கப்படாத காற்று அந்த ஃபில்டர் வழியாக உள்ளே நுழைகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

4ஜி63இன் ஏர்ஃப்ளோ மீட்டர் டர்போவுக்கும் முன்னால், காற்று நுழையும் வாயிலில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்று, உள்ளே போகும் ஆட்களை எண்ணி, அத்தனை இலை போடச் சொல்பவரைப் போன்றது அது. பின்கதவு வழியாகச் சிலர் நுழைந்தால் இலை போதாது. எண்ணப்பட்டவர்கள் பின்கதவு வழியாக வெளியேறினால் போட்ட இலை மிஞ்சும். மேனிஃபோல்டுக்கு அருகில் உள்ள ஒரு கசிவு இந்த இரண்டையுமே செய்கிறது. ஐட்லிங்கில் எண்ணப்படாத காற்றை உள்ளே விட்டு, கலவையில் பெட்ரோலைக் குறைக்கிறது. ஐட்லிங் ஏறி இறங்கித் தள்ளாடுகிறது. பூஸ்டில் எண்ணப்பட்ட காற்றை வெளியே விட்டு, பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்க வைக்கிறது. ஒரே துளை, எதிரெதிரான இரண்டு நோய்க்குறிகள். இதை அறியாதவர் ஐட்லிங் தள்ளாட்டத்துக்கு இன்ஜெக்டரையும், கரும்புகைக்கு ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றிப் பணத்தைச் செலவழிப்பார். பைபாஸ் வால்வு விடும் காற்றை வெளியே சீறவிடாமல் டர்போவின் வாய்க்கே திருப்பிவிட வேண்டும் என்பதும் இதே கணக்கால்தான்.

ஹோஸ் வாங்கும்போது பொருளை அறிந்து வாங்க வேண்டும். சிலிக்கான் சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் ஆயிலும் பெட்ரோல் ஆவியும் அதன் சுவரை ஊடுருவும். எனவே மீட்டருக்கும் வால்வு இணைப்புகளுக்கும் அது பொருந்தும், பி.சி.வி. வழிக்கும், பெட்ரோல் ஆவியைச் சேர்த்துவைக்கும் கேனிஸ்டர் வழிக்கும் பொருந்தாது. அவற்றுக்கு ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் நல்லது. சூடு மிகுந்த இடமென்றால் உள்சுவரில் ஃப்ளூரோ ரப்பர் பூசியது வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள்; வாங்குமுன் முனையைப் பார்த்துச் சுவரின் தடிமனையும் உள்ளே நூல் பின்னல் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். புதுப்பேட்டையில் பழைய நிப்பிளும் பிராக்கெட்டும் வாங்கலாம்; பழைய ரப்பரை அங்கே வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேபிள் டை கொண்டு ஹோஸை இறுக்குவதும் எனக்கு ஏற்புடையதன்று. சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். சின்ன ஹோஸுக்குச் சுருள் கிளிப், பெரியதற்கு அகலப் பட்டைக் கிளாம்ப் என்பதே முறை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று வீசும் பகுதியில் நாம் இருப்பதால் கிளிப்புகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

பாதை அமைக்கும்போது, என்ஜின் தன் மவுண்டுகளின் மேல் ஆடும் என்பதை மறவாமல் உடலுக்கும் என்ஜினுக்கும் இடையே போகும் ஒவ்வொரு ஹோஸுக்கும் சிறிது தளர்வு விட வேண்டும். அழுத்த சென்சாரைத் துளையைவிட உயரத்தில் வைத்து, குழாயைக் கீழ்நோக்கிச் சரியவிட்டால், குளிர்ந்து சேரும் ஈரமும் ஆயிலும் சென்சாருக்குள் தங்காமல் மேனிஃபோல்டுக்கே வடிந்துவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

சோதனைக்கு வருவோம். ஏர்ஃப்ளோ மீட்டரைக் கழற்றிய இடத்தில் டயர் வால்வு பதித்த அடைப்பை மாட்டி, கம்ப்ரஸரிலிருந்து காற்றை மெல்ல ஏற்றி 0.7 பார் அளவில் நிறுத்தி, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்தோம். இப்போது கசிவு வெளிநோக்கிச் சீறியது. லாரிப் பெரியவரின் காதுகளுக்கு முழு வேலை கிடைத்தது. த்ராட்டில் ஷாஃப்ட்டின் ஓரத்திலும், பைபாஸ் வால்வின் கேஸ்கட்டிலும் அவர் கண்டுபிடித்தவை, வேக்குவம் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் தேடியிருந்தால் எளிதில் அகப்பட்டிருக்காது. அதன் பிறகு கைப்பம்ப்பால் ரெகுலேட்டர், பைபாஸ் வால்வு ஆகியவற்றின் டயாஃப்ரங்களுக்கு 20 அங்குலம் வேக்குவம் கொடுத்து முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தோம். ஓடும் என்ஜினில் கார்ப் கிளீனரைத் தெளித்துக் கசிவு தேடும் பழக்கம் ஷெட்களில் உண்டு. சிவந்து காயும் டர்போவுக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும் வேலை என்பதால் நான் அதை அனுமதிப்பதில்லை.

தடத்தில் முதல் சுற்றுகள் முடிந்து என்ஜின் ஆறியதும் எல்லாக் கிளிப்புகளையும் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும்; புது ரப்பர் முதல் சூட்டில் சற்று இளகி உட்காரும். வண்டி பல வாரம் ஷெட்டில் நிற்குமானால் எலி ஹோஸைக் கடிக்கும். கிளப்புமுன் பானட்டைத் திறந்து, முதலில் ரெகுலேட்டர் ஹோஸையும் பிறகு பிரேக் பூஸ்டர் ஹோஸையும் முழு நீளமும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.